மறியலால் வரும் பிள்ளை

இம்முறை நாம் எழுதும் விடயம், எம்மவர் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு கதைக்கப்படும் விடயம். பிள்ளை மறியலில் இருக்கிறான். அதோடு மனமும் சரியில்லை. இந்த இரண்டில் ஒன்றே போதும், ஒரு தாய் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட.

சில வருடங்களுக்கு முன் எமக்குத் தெரிந்த தாய் ஒருவர், மகன் கனடாவுக்குப் போய்விட்டான் என்றே எல்லோருக்கும் சொல்லி வந்தார். மகன் இருந்ததோ இங்கிலாந்தில் ஒரு சிறையில். உள்ளே மனச்சோர்வுக்கு மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் விடுதலையானான். கையில் மருந்தில்லை, வெளியில் எந்த வைத்தியரிடமும் பதிவில்லை. திங்கட்கிழமை தாய் எமக்குத் தொலைபேசி எடுத்தபோது அவன் மூன்று இரவு கண்மூடியிருக்கவில்லை. நல்ல காலம், அன்றே வைத்தியரிடம் கூட்டிப்போக முடிந்தது.

"முதலே சொல்லியிருக்கலாமே அக்கா" என்றோம்.

"சொன்னால் பிறகு ஆர் எங்கடை வீட்டுப் படி ஏறுவினம்?" என்று கேட்டார். எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

இங்கிலாந்தில் சிறை வைத்தியம் 2006 முதல் தேசிய சுகாதார சேவையின் பொறுப்பு. உள்ளே போகும் முதல் நாளிலேயே தாதி ஒருவர் உடல்நிலை, மனநிலை பற்றிக் கேட்பார். வெட்கத்தாலோ மொழி தெரியாமலோ எம்மவர் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுவதுண்டு. ஊரில் தடுப்புக்காவலில் அடிபட்டவருக்கு, இங்கே கதவு பூட்டும் சத்தமே பழையதைக் கொண்டுவரும். இதையெல்லாம் அறிந்தவர்கள் வீட்டார்தான். ஆகவே சிறைக்குத் தொலைபேசி எடுத்து, கைதிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரிவைக் கேளுங்கள். முன்பிருந்த வருத்தம், குடித்த மருந்து, உயிரை மாய்க்க முயன்றிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வளர்ந்த பிள்ளையின் விபரத்தை அவர் சம்மதமின்றி அவர்கள் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். ஆனால் நீங்கள் சொல்வதை அவர்கள் கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

உள்ளே மனம்விட்டுக் கதைக்கவும் ஆள் உண்டு. 1990இல் சுவான்சி சிறையில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். மறுவருடம் அதே சிறையில், சமாரிட்டன்ஸ் அமைப்பு கைதிகளுக்கே பயிற்சி கொடுத்து, சக கைதிகளின் துயரைக் கேட்க வைத்தது. இன்று இது பல சிறைகளில் நடக்கிறது. சொன்னது வெளியே போகாது.

ஆனால் பெரிய ஆபத்து வெளியே வந்த பிறகுதான். இங்கிலாந்து, வேல்ஸ் பற்றி 2006இல் வெளியான ஆய்வொன்றின்படி, விடுதலையாகி ஒரு வருடத்துக்குள் தற்கொலை செய்தவர்களில் ஐந்திலொருவர் முதல் 28 நாட்களுக்குள்ளேயே இறந்திருந்தனர். உள்ளே மருந்து, சாப்பாடு, படுக்கை எல்லாம் நேரத்துக்கு வரும். வெளியே வந்ததும் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமை என்றால் கவுன்சில், வைத்தியர் எல்லாம் பூட்டிவிடும். இதற்காகவே, வெள்ளிக்கிழமையில் வரும் விடுதலையை ஓரிரு நாள் முந்திக் கொடுக்க 2023இல் சட்டம் வந்தது. அது தானாக நடப்பதில்லை. அதிகாரிகள் முடிவு செய்யவேண்டும். கேட்டுப் பாருங்கள்.

விடுதலைக்கு மூன்று மாதம் முன்பே நான்கு காரியங்களைக் கேளுங்கள். வெளியில் ஒரு வைத்தியரிடம் பதிவு. கையில் சில நாளைக்கான மருந்து. உள்ளே நடந்த வைத்தியத்தின் கடிதம். நான்காவது, "ரீகனெக்ட்" சேவை. இது விடுதலைக்கு முன்னரே தொடங்கி, பின்னர் ஆறு மாதம்வரை கூட நின்று வைத்தியரிடம் சேர்ப்பிக்கும். குடிவரவுத் தடுப்பு நிலையங்களிலிருந்து வருவோருக்கும் இது உண்டு. அகதிக் குடும்பங்கள் இதைக் குறித்து வைத்திருங்கள்.

இரவில் ஆபத்தாகத் தோன்றினால் 999. கதைக்க ஆள் வேண்டுமென்றால் சமாரிட்டன்ஸ் 116 123, கட்டணமில்லை.

மிச்சம் எங்கள் எல்லோருக்குமானது. குற்றத்துக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்து, அதை அவன் அனுபவித்தும் முடித்தான். நாங்கள் இன்னொரு தண்டனை கொடுக்கத் தேவையில்லை. "விசர்" என்ற சொல்லை அந்த வீட்டு வாசலில் விடாமல், ஒரு கறிப் பாத்திரத்தோடு போய்ச் சுகம் விசாரியுங்கள். அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு எம்மிடம் வேறு மறுமொழி இல்லை.