மாதச் சந்தா யாருக்கு ஏற்றது?

மின்சாரக் கார் வைத்திருப்போர் முன்னால் இன்று ஒரு புதிய கேள்வி நிற்கிறது. பொது மின்னூட்டு நிலையத்தில் காருக்கு மின்னூட்டும்போது, பயன்படுத்திய மின்சாரத்திற்கு மட்டும் பணம் கட்டுவதா? அல்லது மாதந்தோறும் சந்தா செலுத்தி, சலுகைக் கட்டணத்தில் மின்னூட்டுவதா? சந்தா என்றதும் பலருக்கும் சேமிப்புதான் நினைவுக்கு வருகிறது. ஆனால், தன் காரின் பயன்பாட்டை அளந்து பார்க்காதவருக்குச் சந்தா சேமிப்பாக அமைவதில்லை. அது பெரும்பாலும் கூடுதல் செலவாகவே முடிகிறது.

இது ஒரு சிலருக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டில் புதிதாகப் பதிவான நூறு கார்களில் நான்குகூட மின்சாரக் கார்களாக இல்லை. 2024ஆம் ஆண்டிலோ, புதிய கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரக் கார்கள். 2025 ஜனவரி முதல் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவு செய்ய முடியாது. 2030 முதல் பதிவாகும் புதிய கார்கள் அனைத்தும் தூய்மையான எரிசக்தியில் இயங்க வேண்டும். அதற்குள் தீவு முழுவதும் 60,000 மின்னூட்டு முனைகளை அமைப்பது சிங்கப்பூர்ப் பசுமைத் திட்டம் 2030இன் இலக்குகளுள் ஒன்றாகும். ஆகவே, இன்று சில குடும்பங்கள் போடும் கணக்கை இன்னும் சில ஆண்டுகளில் பல குடும்பங்கள் போட வேண்டியிருக்கும்.

கிளமெண்டி போன்ற ஒரு நகரில் இந்தக் கேள்வியின் கூர்மை நன்றாகத் தெரிகிறது. சன்செட் வே பகுதியில் தரைவீடு வைத்திருப்பவர் தம் வீட்டு வாசலிலேயே மின்னூட்டியைப் பொருத்திக்கொள்ளலாம். 2024ஆம் ஆண்டில் வீட்டு மின்சாரத்தின் விலை ஒரு கிலோவாட் மணிக்கு 30 காசை ஒட்டியே இருந்தது. அவருக்குச் சந்தாவைப் பற்றிய கவலையே இல்லை. ஆனால், அதே கிளமெண்டியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் வசிப்பவர், புளோக்கிற்குக் கீழே உள்ள பொதுக் கார் நிறுத்துமிடத்தையே நம்பியிருக்கிறார். மின்னூட்டியை அமைத்தல், பராமரித்தல், இடத்தைப் பயன்படுத்துதல் போன்ற செலவுகளும் சேர்வதால், பொது நிலையங்களில் கட்டணம் வீட்டு மின்சாரத்தைவிடக் கூடுதலாக உள்ளது. சிங்கப்பூரர்களில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளிலேயே வாழ்கின்றனர். எனவே, பொது மின்னூட்டுக் கட்டணம் என்பது பெரும்பாலோரின் அன்றாடச் செலவுக் கணக்கில் இடம்பெறப்போகும் ஒன்று.

சந்தா எப்போது லாபம் தரும் என்பதை அறிய ஓர் எளிய கணக்குப் போதும். கணக்கிற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்ளலாம். சந்தா இல்லாதவர் ஒரு கிலோவாட் மணிக்கு 60 காசு கட்டுகிறார். சந்தா எடுத்தவருக்கு அது 50 காசு. சந்தாத் தொகை மாதத்திற்கு 15 வெள்ளி. ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 10 காசு மிச்சமாகிறது. அப்படியானால் 150 கிலோவாட் மணி மின்னூட்டிய பிறகே, கட்டிய 15 வெள்ளி திரும்பக் கிடைக்கும். அதற்கு மேல் பயன்படுத்தும் ஒவ்வொரு கிலோவாட் மணியும்தான் உண்மையான சேமிப்பு. சந்தாத் தொகையைக் கட்டண வேறுபாட்டால் வகுத்தால், எந்தச் சந்தாவிற்கும் இந்த எல்லையைக் கண்டுபிடித்துவிடலாம்.

இனி, கிளமெண்டியில் வசிக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். தந்தை காரில் வேலைக்குச் செல்கிறார். வார இறுதியில் குடும்பம் தேக்காவுக்குச் சென்று காய்கறி வாங்குகிறது. மாதத்திற்கு 800 கிலோமீட்டர் ஓடுகிறது என்று கொள்வோம். ஒரு சராசரி மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 16 கிலோவாட் மணி மின்சாரத்தைப் பயன்படுத்தும். அந்தக் கணக்கில் மாதத்திற்கு 128 கிலோவாட் மணி தேவைப்படும். மின்னூட்டும்போது ஒரு பகுதி மின்சாரம் வெப்பமாக வீணாகிறது. மின்கலத்தில் சேர்ந்த அளவுக்கு அன்றி, மின்னூட்டி வழங்கிய அளவுக்கே பணம் கட்ட வேண்டும். வீணாவதைப் பத்து விழுக்காடாகச் சேர்த்துக்கொண்டால், தேவை ஏறத்தாழ 141 கிலோவாட் மணி ஆகும். எல்லையான 150ஐ அந்தக் குடும்பம் இன்னும் எட்டவில்லை.

அதோடு கணக்கு முடிந்துவிடவில்லை. பலரும் தவறவிடும் இடம் இதற்கு அடுத்துதான் வருகிறது. சிங்கப்பூரில் மின்னூட்டுச் சேவையைப் பல நிறுவனங்கள் வழங்குகின்றன. வீட்டின் கீழே ஒரு நிறுவனத்தின் மின்னூட்டி இருக்கலாம், அலுவலகத்தில் இன்னொரு நிறுவனம், கடைத்தொகுதியில் வேறொன்று. ஒரு நிறுவனத்திடம் எடுத்த சந்தா மற்றொரு நிறுவனத்தின் மின்னூட்டியிலும் செல்லும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தக் குடும்பத்தின் 141 கிலோவாட் மணியில் 41, அலுவலகத்திலோ கடைத்தொகுதியிலோ ஏற்றப்படுகிறது என்றால், சந்தா பயன்படுவது மீதி 100க்கு மட்டுமே. அதில் கிடைக்கும் சேமிப்பு 10 வெள்ளி. கட்டிய சந்தா 15 வெள்ளி. மாதம் 5 வெள்ளி, ஆண்டிற்கு 60 வெள்ளி நட்டம். பள்ளி விடுமுறையில் குடும்பம் காரில் மலேசியாவிற்குச் சென்றால், அந்த மாத நட்டம் மேலும் கூடும்.

இதே சந்தா இன்னொருவருக்குப் பெரிதும் உதவக்கூடும். அதே புளோக்கில் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் வசிக்கலாம். அவர் நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் வீதம், மாதத்தில் 25 நாள் ஓட்டுகிறார் என்று கொண்டால், 5,000 கிலோமீட்டர் ஆகிறது. வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்து அவருக்கு 880 கிலோவாட் மணி தேவை. அதில் பாதியை மட்டும் சந்தா எடுத்த நிறுவனத்திடம் ஏற்றினாலும், அவர் 44 வெள்ளி சேமிப்பார். சந்தாத் தொகை போக, மாதம் 29 வெள்ளி கையில் நிற்கும். ஆண்டிற்கு அது 348 வெள்ளி. வாகனத்தை நம்பிப் பிழைப்பவருக்கு அது சிறிய தொகை அன்று. ஒரே சந்தா ஒருவருக்கு இழப்பையும் மற்றவருக்கு வரவையும் தருகிறது. ஆகவே, அண்டைவீட்டார் சேர்ந்துவிட்டார் என்பதற்காகத் தாமும் சேர்வது அறிவுடைமை ஆகாது.

ஓட்டுநரின் கணக்கில் பணத்தோடு நேரமும் சேர்கிறது. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடங்களில் பெரும்பாலும் 7.4 கிலோவாட் திறனுள்ள மெதுவான மின்னூட்டிகளே உள்ளன. 60 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள மின்கலத்தை 20 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டிற்கு உயர்த்த 36 கிலோவாட் மணி தேவை. மெதுவான மின்னூட்டி அதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இரவில் தூங்குபவருக்கு அது பெரிய சிக்கலாகாது. பகலில் பயணிகளை ஏற்றிச் செல்பவருக்கோ, ஐந்து மணி நேரம் என்பது பாதி நாள் வருமானம். அவர் அதிவேக மின்னூட்டியை நாடுவார். அங்குக் கட்டணம் கூடுதல். எனவே, சந்தாவின் சலுகை மெதுவான மின்னூட்டிக்கு மட்டுமா, அதிவேக மின்னூட்டிக்கும் சேர்த்தா என்பதை அவர் முதலில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

மற்றொரு வகைச் சந்தாவும் உண்டு. குறிப்பிட்ட தொகையைக் கட்டினால் குறிப்பிட்ட அளவு மின்சாரம் கிடைக்கும். பயன்படுத்தாமல் விட்டது மாத இறுதியில் காலாவதியாகிவிடும். எடுத்துக்காட்டாக, 100 வெள்ளிக்கு 200 கிலோவாட் மணி என்றால், ஒரு கிலோவாட் மணி 50 காசுக்குக் கிடைப்பதுபோல் தோன்றும். ஆனால், 140 மட்டுமே பயன்படுத்துபவருக்கு அது 71 காசு ஆகிவிடுகிறது. சந்தா இல்லாதவர் கட்டும் 60 காசைவிட அது அதிகம்! விளம்பரத்தில் உள்ள விலை, முழு அளவையும் பயன்படுத்துபவருக்கான விலை. மற்றவர்கள் தாங்கள் பயன்படுத்தாத மின்சாரத்திற்கும் சேர்த்தே பணம் கட்டுகின்றனர்.

சந்தாவிற்கு ஆதரவாகப் பேசுவோரின் வாதங்களையும் புறக்கணிக்க முடியாது. மாதச் செலவு முன்கூட்டியே தெரிந்தால் குடும்ப வரவுசெலவைத் திட்டமிடுவது எளிது என்பது அவர்கள் கூறும் முதல் காரணம். நிறுவனங்களுக்கு நிலையான வருமானம் கிடைத்தால், அவை மேலும் பல இடங்களில் மின்னூட்டிகளை அமைக்க முன்வரும் என்பது இரண்டாவது காரணம். இரண்டிலும் உண்மை உள்ளது. ஆனால், சலுகைக் கட்டணச் சந்தாவில் மொத்தச் செலவு அப்போதும் பயன்பாட்டைப் பொறுத்தே மாறுகிறது. சந்தாத் தொகை மட்டுமே நிலையானது. மேலும், மின்னூட்டு வசதி பெருக வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. அதற்காக, குறைவாகக் கார் ஓட்டும் குடும்பம் தனக்குப் பயன்படாத சந்தாவைச் சுமக்க வேண்டியதில்லை.

இதில் பணத்தைத் தாண்டிய ஒரு செய்தியும் அடங்கியுள்ளது. மாதம் 141 கிலோவாட் மணி தேவைப்படும் குடும்பம், மாதத்தில் நான்கு முறை மின்னூட்டினாலே போதும். ஆனால், சந்தா கட்டியவருக்கு, “கட்டிய பணம் வீணாகக் கூடாது” என்ற எண்ணம் வந்துவிடுகிறது. தேவை இல்லாத நாளிலும் அவர் காரை மின்னூட்டியில் இணைக்கலாம். மின்கலம் நிறைந்த பிறகும் காரை அங்கேயே விட்டுவைக்கலாம். அந்த நேரத்தில் உண்மையிலேயே மின்சாரம் தேவைப்படும் அண்டைவீட்டார், இடம் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருப்பார். நிறைந்த பிறகும் காரை நகர்த்தாதவரிடம் சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் வாங்குவதற்குக் காரணம் இதுவே. பொது மின்னூட்டி என்பது விளையாட்டுத் திடலைப் போல அனைவருக்கும் உரியது. சந்தா சலுகை விலையைத் தரலாம்; இடத்தை அடைத்துக்கொள்ளும் உரிமையைத் தராது.

அப்படியானால், முடிவெடுக்க விரும்புவோர் செய்ய வேண்டியது என்ன? சந்தா இல்லாமல் மூன்று மாதம் காரை ஓட்டிப் பார்ப்பதே சிறந்த வழி. மின்னூட்டுச் செயலி ஒவ்வொரு முறையும் எவ்வளவு மின்சாரம் ஏற்றப்பட்டது என்பதைப் பதிவு செய்துவைக்கிறது. அதை நிறுவன வாரியாகப் பிரித்துக் கூட்ட வேண்டும். பிறகு, சந்தாத் தொகையைக் கட்டண வேறுபாட்டால் வகுத்துக் கிடைக்கும் எல்லையோடு ஒப்பிட வேண்டும். மூன்று மாதங்களிலும் எல்லையைத் தாண்டியிருந்தால் சந்தா எடுக்கலாம். ஒரு மாதம் மட்டும் தாண்டியிருந்தால் பொறுத்திருப்பதே நல்லது. அறிவிக்கப்பட்ட விலையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்துள்ளதா, சந்தாவை எப்போது வேண்டுமானாலும் நிறுத்த முடியுமா, தானாகவே புதுப்பிக்கப்படுமா ஆகியவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிறுவனங்களுக்கும் இதில் கடமை உண்டு. சந்தா யாருக்கு லாபம் தரும் என்பதைக் கண்டறிய வாடிக்கையாளரே எழுதுகோலும் தாளுமாக உட்கார வேண்டியதில்லை. ஒவ்வொருவரின் பயன்பாடும் நிறுவனத்தின் கணினியில் ஏற்கெனவே உள்ளது. “கடந்த மூன்று மாதப் பயன்பாட்டின்படி இந்தச் சந்தா உங்களுக்கு ஏற்றது” அல்லது “ஏற்றது அன்று” என்று செயலியிலேயே தெரிவித்தால், வாடிக்கையாளரின் நம்பிக்கை வளரும். தரைவீட்டில் வாழ்பவர் குறைந்த விலையில் மின்னூட்டிக்கொள்ளும்போது, அடுக்குமாடியில் வாழ்பவர் குழப்பமான கட்டணங்களால் மேலும் இழப்பது முறையன்று.

‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்பது பழமொழி. இது கார்களுக்கு மட்டும் பொருந்துவது அன்று. திறன்பேசித் திட்டம், திரைப்படம் பார்க்கும் சேவை, இணைய விளையாட்டு, உடற்பயிற்சிக் கூடம் என்று இளையர்களைச் சுற்றிலும் இன்று சந்தாக்கள் நிறைந்துள்ளன. ஒவ்வொன்றும் மாதத்திற்குச் சில வெள்ளிதான் என்று தோன்றும். விலையைக் குறைப்பதாகக் கூறும் எந்தச் சந்தாவிற்கும் அதே வகுத்தல் கணக்குப் பொருந்தும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு ஒருவர் சந்தா எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி, அந்த முடிவை விளம்பரம் எடுத்திருக்காது, அவரே எடுத்திருப்பார்.