பயம் தெளிந்த பிறகு

2023ஆம் ஆண்டில் அமெரிக்க விமான நிலையங்களின் பாதுகாப்புச் சோதனையில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. அவற்றில் நூற்றுக்கு 93 தோட்டா நிரப்பியவை. விமானம் கடத்தும் எண்ணத்தோடு கொண்டுவந்தவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரும்பாலானவர்கள் சொல்வது ஒரே பதில்தான்: “பையில் இருந்ததே மறந்துபோச்சு.” அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகலாம். அப்படியும் எண்ணிக்கை பெரிதாக இறங்கவில்லை, 2024இல் 6,678.

செய்தித்தாளில் இதைப் படிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். கைத்துப்பாக்கிப் பயிற்சியைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு அந்த வசதி இல்லை. இப்படி மறந்தவர்களில் எத்தனையோ பேர், பிஸ்டலை முதன்முதலாக இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கிய நாளில் ஊரே தன்னைப் பார்க்கிறது என்று கூசியவர்கள்தான். அன்று பயிற்றுநர் அவர்களிடம் என்ன சொல்லியிருப்பார்? “ஒன்றும் கவலைப்படாதீர்கள், போகப்போகப் பழகிவிடும்.” பழகிவிட்டது. அதுதான் பிரச்சினை.

துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் வழக்கம் அமெரிக்காவில் இன்று இருக்கும் அளவுக்குப் பரவியது நாற்பது ஆண்டுக்குள்தான். வெர்மான்ட் மாநிலம் எக்காலத்திலும் உரிமம் கேட்டதில்லை, அதை விட்டுவிடலாம். தகுதியுள்ளவருக்கு உரிமம் கொடுத்தே தீரவேண்டும் என்று 1987இல் புளோரிடா சட்டம் போட்ட பிறகு மற்ற மாநிலங்கள் வரிசையாகப் பின்தொடர்ந்தன. டெக்சஸின் கதை தனி. 1991 அக்டோபரில் கிலீன் நகரின் லூபிஸ் உணவகத்தில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். தாய், தந்தை இருவரையும் அங்கே பறிகொடுத்த சூசன்னா ஹப்பிடம் ரிவால்வர் இருந்தது. உடம்பில் வைத்துக்கொள்ள அன்றைய சட்டம் இடம் தராததால் அது காரில் கிடந்தது. மறைத்து எடுத்துச் செல்லும் உரிமைக்காக அவர் ஊர் ஊராகப் பேசினார். 1995இல் டெக்சஸ் சட்டத்தை மாற்றியது. அடுத்த ஆண்டு அவரே சட்டமன்றத்துக்குத் தேர்வானார். முழுத் தடையைக் கடைசியாகக் கைவிட்டது இலினாய், 2013இல். 2022இல் உச்ச நீதிமன்றம் புரூவன் வழக்கில், தனிப்பட்ட காரணம் காட்டினால்தான் உரிமம் என்ற நியூயார்க்கின் பழைய விதியைத் தள்ளுபடி செய்தது. இன்று 29 மாநிலங்களில் உரிமமே தேவையில்லை.

உரிமம் தேவையில்லை என்றால் வகுப்பும் கட்டாயமில்லை என்று பொருள். நியூயார்க் 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியும் கேட்கிறது. உரிமம் கேட்காத பல மாநிலங்களில் கடையில் வாங்கிய பிஸ்டலோடு ஒருவர் அன்றைக்கே கிளம்பிவிடலாம். ஆனால் நீண்ட வகுப்புக்கு வந்தவரும் பெரும்பாலும் எதைக் கற்றுக்கொண்டு போகிறார்? சட்டம், பாதுகாப்பு விதிகள், காகித இலக்கில் சுடுவது. எடுத்துச் செல்பவர்களில் மிகப் பலர் வாழ்நாளில் ஒருமுறைகூட யாரையும் நோக்கிச் சுடப்போவதில்லை. அதே ஆள் அந்தப் பிஸ்டலோடு ஆயிரக்கணக்கான முறை காரில் ஏறி இறங்குவார், நாற்காலியில் உட்காருவார், கழிப்பறைக்குப் போவார். அதற்குப் பெரும்பாலான பாடத்திட்டங்களில் அரை மணி நேரம்கூட இல்லை.

முதல் வாரத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். தோட்டா நிரப்பிய கிளாக் 17 ஏறக்குறைய 900 கிராம். 2018இல் வந்த சிக் பி365 போன்ற சிறு பிஸ்டல்கள், ஏறக்குறைய ஓர் அங்குலத் தடிமனில் பத்துத் தோட்டாவையும் சேம்பரில் ஒன்றையும் அடக்கி, காலியாக அரைக் கிலோவோடு நின்றுவிடுகின்றன. அந்த அரைக் கிலோவே துணிக்கடையில் வாங்கிய சாதாரண பெல்ட்டை ஒரு பக்கம் இழுத்துவிடும். பேன்ட் தொங்கும், மனிதர் அதைத் தூக்கிவிடுவார், மறுபடி தொங்கும். உறையைப் பேன்ட்டுக்குள் செருகுபவருக்கு இடுப்பளவில் ஓரிரு அங்குலம் கூடுதலாக வேண்டும் என்பது பணம் கொடுத்துப் பழைய அளவிலேயே நான்கு பேன்ட் வாங்கிய பிறகுதான் தெரிகிறது. வலது இடுப்பெலும்புக்குப் பின்னால் வைத்தவர் கீழே விழுந்த சாவியைக் குனிந்து எடுத்தால் சட்டைக்கு மேல் கைப்பிடி துருத்தும். முட்டியை மடக்கி உட்கார்ந்து எடுக்கப் பழக வேண்டும். முன்பக்கம், தொப்புளுக்குச் சற்றே வலப்புறம் வைத்தவருக்கு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்ததும் குழல் தொடையிடுக்கில் குத்தும். சீட் பெல்ட் எங்கே போகிறது, சட்டையின் ஓரம் அதில் எப்படிச் சிக்குகிறது, சொந்தக்காரர் கட்டிப்பிடிக்க வந்தால் கையை மேலே வைப்பதா கீழே வைப்பதா, இதெல்லாம் அவரவர் தலையில் விடப்படுகிறது.

அதோடு அந்தக் கை. புதிதாக எடுத்துச் செல்பவரின் வலது கை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடுப்புக்குப் போய்த் திரும்பும். காரிலிருந்து இறங்கியதும் ஒரு தட்டு. ஹோட்டலில் எழுந்ததும் சட்டையை ஓர் இழு. கூட்டத்தில் முழங்கையை உடம்போடு ஒட்டி ஒரு காவல். பிஸ்டலின் வடிவம் துணியில் தெரிகிறதா என்று அவர் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். வழியில் போகிறவன் செல்போனைப் பார்த்துக்கொண்டு போகிறான். சாதாரண உடையில் சுற்றும் போலீஸ்காரர் தேடுவது துணியின் புடைப்பைவிட அந்தக் கையைத்தான். கோடு போட்ட, கட்டம் போட்ட சட்டை மறைக்கும் என்று சொல்லித்தருகிற அளவுக்கு, கையை அடக்கச் சொல்லித்தர வேண்டும்.

இந்தக் கூச்சத்தைப் போக்குவதுதான் பயிற்றுநரின் வேலை என்ற எண்ணம் நம் தொழிலில் ஊறிப்போயிருக்கிறது. இவ்விதழுக்கு அதில் உடன்பாடு இல்லை. புதியவரின் கூச்சம் ஒரு வகையில் அவருடைய கவனம். அது இருக்கும் நான்கைந்து வாரத்துக்குள், கவனமில்லாதபோதும் கை தானாகச் செய்யும் சில காரியங்களை அவரிடம் ஏற்றிவிட வேண்டும். கூச்சம் போன பிறகு எதைச் சொன்னாலும் ஏறாது.

முதலாவது உறை. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு 2008 பிப்ரவரியில் சூப்பர் பவுல் கோப்பையை வென்றுதந்த பந்தைப் பிடித்தவர் பிளாக்சிகோ பரெஸ். அதே ஆண்டு நவம்பரில் மன்ஹாட்டன் இரவு விடுதி ஒன்றில் அவருடைய இடுப்பில் உறையில்லாமல் இருந்த கிளாக் பிஸ்டல் நழுவிக் காலோடு இறங்கியது. பிடிக்கப் போனார், விரல் விசையில் பட்டது, தோட்டா அவர் தொடையிலேயே பாய்ந்தது. நியூயார்க்கில் செல்லும் உரிமம் அவரிடம் இல்லாததால் இரண்டாண்டுச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. விழும் பிஸ்டலைப் பிடிக்காதே, விழட்டும் என்பது எல்லாப் பயிற்றுநரும் வாயால் சொல்வதுதான். சொன்னால் போதாது, ரப்பர் பிஸ்டலை இடுப்பிலிருந்து பத்து முறை நழுவவிட்டு, கை போகாமல் நிற்கப் பழக்க வேண்டும். பரெஸ் சம்பவத்துக்குப் பத்து ஆண்டு கழித்து டென்வர் நகர மதுக்கூடத்தில், பணியில் இல்லாத எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் நடனத்தின் நடுவே பின்பக்கக் கரணம் அடித்தார். பிஸ்டல் தரையில் விழுந்தது. விழுந்தபோது வெடிக்கவில்லை; அவசரமாக எடுத்தபோதுதான் வெடித்து, அங்கிருந்த ஒருவரின் காலில் பட்டது. அவர் பயிற்சி இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது.

உறைக்குள் திரும்பச் செருகும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். தேய்ந்து தொளதொளத்த தோல் உறையின் வாய் மடங்கி விசைக்கூண்டுக்குள் புகுந்துவிடும். ஜாக்கெட் நாடாவின் முனையில் தொங்கும் பிளாஸ்டிக் குமிழும் அதே வேலையைச் செய்யும். உருவுவதில் வேகம் பெருமையாக இருக்கலாம். செருகுவதில் வேகத்துக்குப் பரிசு எதுவும் கிடையாது. நின்று, சட்டையை முழுக்க மேலே தூக்கி, குனிந்து பார்த்து, மெதுவாக. அதைவிட நல்லது, உறையோடு சேர்த்தே காலையில் மாட்டி உறையோடு சேர்த்தே இரவில் கழற்றுவது. ஒரு நாளில் பிஸ்டல் எத்தனை முறை உறையைவிட்டு வெளியே வருகிறதோ அத்தனை வாய்ப்பு விபத்துக்கு.

சேம்பரில் தோட்டா வைப்பதா வேண்டாமா என்ற தகராறு நம் தொழிலில் ஓயாது. பிஸ்டலை எந்த அளவுக்குத் தயாராக வைப்பது என்று பயிற்றுநர் ஜெஃப் கூப்பர் வகுத்த நிலைகளை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள், காலி சேம்பரோடு வரும் மாணவரைக் கேலி செய்வதும் உண்டு. கேலி வேண்டாம். தன் பிஸ்டல் தானாக வெடித்துவிடுமோ என்று அஞ்சுபவருக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று இருமுறை பார்த்து, ஸ்லைடை இழுத்துவிட்டு, உறையில் செருகி ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே நடமாடட்டும். பாத்திரம் தேய்க்கட்டும், மாடிப்படி ஏறட்டும், சோபாவில் சாயட்டும். கிளாக் போன்ற பிஸ்டலில் விசை ஒருமுறை அமுங்கினால் ஸ்லைடை மறுபடி இழுக்கும்வரை பின்னாலேயே நிற்கும். இரவில் எடுத்துப் பார்த்தால் விசை முன்னால் நிற்கிறதா, பின்னால் போயிருக்கிறதா என்று அவரே தெரிந்துகொள்வார். முன்னால் நின்றால் பயத்துக்கு விடை கிடைத்தது. பின்னால் போயிருந்தால், தப்பு உறையிலா தன் கையிலா என்று தேட அவருக்கு ஒரு வாய்ப்பு, அதுவும் யாருக்கும் காயமில்லாமல். வாய்ச்சொல்லால் தரும் எந்தத் தைரியமும் இதற்கு ஈடாகாது.

கழிப்பறையைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். 2015இல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் காவலர்கள் தங்கள் பிஸ்டல்களைக் கழிப்பறைகளில் விட்டுவிட்டு வந்த செய்தி வெளியானது. அவற்றில் ஒன்றை, சபாநாயகர் அலுவலகப் பகுதியில், பெற்றோரோடு வந்த ஏழெட்டு வயதுக் குழந்தை கண்டெடுத்தது. முழுநேரக் காவலர்களுக்கே இந்தக் கதி. கொக்கியில் மாட்டுவது, தொட்டி மேல் வைப்பது, காகிதச் சுருள் பெட்டி மேல் வைப்பது எல்லாம் மறதிக்குத் தயார் செய்து கொடுப்பது. பெல்ட்டை மாட்டியபடியே முட்டிக்கருகே இறக்கி, பிஸ்டல் உறையைவிட்டு நகராமல் பேன்ட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். எழுந்தால் அதுவும் கூடவே எழும். வகுப்பில் ஒரு நாற்காலியைப் போட்டு, உடையோடு செய்துகாட்டினால் இரண்டு நிமிடம். மாணவர்கள் சிரிப்பார்கள், சிரித்தது மறக்காது.

கைப்பை பற்றிய பேச்சில் சிரிக்க ஒன்றுமில்லை. 2014 டிசம்பர் இறுதியில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் ஊரில், வால்மார்ட் கடைக்குள் இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பைக்குள் கைவிட்டது. தாய் உரிமம் பெற்றவர். பிஸ்டலுக்கென்றே தனி ஜிப் அறை வைத்துத் தைத்த பை அது. வெடித்த ஒரே தோட்டாவில் தாய் இறந்தார். பெண்களின் உடையில் உறை உட்காருவது கடினம், அதனால் பைதான் வழி என்று இன்றும் சில பயிற்றுநர்கள் தயங்காமல் சொல்கிறார்கள். உடம்பைவிட்டு இறங்கிய பிஸ்டலுக்கு, யார் எடுக்கிறார்கள் என்பது தெரியாது. உடையை மாற்றுவது தொல்லைதான். அந்தத் தொல்லையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

போலீஸ் வண்டியை நிறுத்தினால் என்ன செய்வது என்ற பாடம் இன்னும் கடினம். துப்பாக்கி இருப்பதைத் தாமாகவே சொல்ல வேண்டும் என்று சில மாநிலங்கள் கட்டாயப்படுத்துகின்றன. கேட்டால் சொன்னால் போதும் என்கின்றன சில. 2016 ஜூலையில் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீலின் கார் நிறுத்தப்பட்டது. அவரிடம் முறையான உரிமம் இருந்தது. பிஸ்டல் இருப்பதை அவரே மரியாதையாகத் தெரிவித்தார். அடுத்த சில நொடிகளில் அதிகாரி ஏழு முறை சுட்டார், காஸ்டீல் இறந்தார், அதிகாரி மறு ஆண்டு விடுதலையானார். ஸ்டீயரிங் மேல் இரு கை, உள்விளக்கு, சொல்லாமல் எதையும் எடுக்காதே என்று கற்றுத்தருவது சரியே. அதைச் செய்தால் ஒன்றும் ஆகாது என்று ஒரு கறுப்பின மாணவருக்கு உறுதி கூறும் தகுதி எந்தப் பயிற்றுநருக்கும் கிடையாது. அதையும் வகுப்பில் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

இந்தியாவில் உரிமம் கிடைப்பதே அரிது. தேர்தல் வந்தால் கிடைத்த துப்பாக்கியையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். ஆனாலும் விபத்து நடக்கும் இடம் மாறவில்லை. 2024 அக்டோபர் முதல் தேதி விடியற்காலையில் இந்தி நடிகர் கோவிந்தா கொல்கத்தா கிளம்பும் அவசரத்தில் தன் ரிவால்வரை எடுத்து வைத்தபோது, அது கை நழுவி விழுந்து வெடித்துக் காலில் பாய்ந்தது. எதிரி யாரும் இல்லை. பயணப் பரபரப்பும் ஒரு பழைய பழக்கமும்தான்.

இவ்விதழ் பயிற்றுநர்களிடம் கேட்பது அதிகமில்லை. வகுப்பின் கடைசி ஒரு மணி நேரத்தைச் சுடும் தளத்திலிருந்து பிடுங்கி, நாற்காலி, கார், ஜாக்கெட், கழிப்பறை இவற்றுக்குக் கொடுங்கள். விமானத்துக்கு எடுத்துப்போகும் பையில் துப்பாக்கியை ஒருநாளும் வைக்காதிருக்க, அதற்கென வேறு பையை ஒதுக்கச் சொல்லுங்கள். நான்கு வாரம் கழித்து மாணவரை ஒருமுறை தொலைபேசியில் அழையுங்கள். சுட்டுப் பழகினீர்களா என்று கேட்பதற்கு முன்னால், எங்கெங்கே கழற்றி வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். சிலர் காரிலேயே விட்டுவிடுவதாகச் சொல்வார்கள். காரிலிருந்து திருடுபோகும் துப்பாக்கி அமெரிக்க நகரப் போலீசாருக்கு ஓயாத தலைவலி என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். சிலர், யோசித்துப் பார்த்தேன், இது எனக்கு ஒத்துவராது, பூட்டி வைத்துவிட்டேன் என்பார்கள். அவர்களைத் திரும்ப வகுப்புக்கு இழுக்க வேண்டியதில்லை. பெட்டகத்தின் பூட்டு சரியாக வேலை செய்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.