ஒட்டப்படாத கூரை



வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த தந்தையொருவர், மகனுக்கென மாதிரி இரயில் பெட்டி செய்யும் மரத்துண்டுகள் அடங்கிய தொகுப்பொன்று கொணர்ந்திருந்தார். வீடு சந்திக்கச் சென்ற நாம் அதனைக் கண்டோம். உண்மைப் பெட்டியின் 87-இல் ஒரு பங்கு அளவு. 20 மீட்டர் நீளம் 23 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். நாகர்கோவிலுக்கு இரயில் வந்ததே 1979-இல்தான். பெரம்பூரிலோ 1955 முதலே எஃகுப் பெட்டிகள் உருவாகத் தொடங்கிவிட்டன. பழைய மர இரயில் பெட்டியில் ஏற நம் முன்னோர் திருவனந்தபுரமோ திருநெல்வேலியோ செல்ல வேண்டியிருந்தது.

தந்தையே அறுத்தார், தேய்த்தார், ஒட்டினார். மகன் பசைக்குப்பியைப் பிடித்து நின்றான்.

இரு நாள் கழித்துச் சென்றபோது பக்கப்பலகை வில்லாய் வளைந்திருந்தது. மெல்லிய பலகையின் வெளிப்புறத்திற்கு மட்டும் வண்ணம் பூசியதால், ஒருபுறமே ஈரம் ஏறிவிட்டது.

“உள்ளேயும் பூசணும்னு தாளில் போட்டிருக்கு, அப்பா.”

“முன்னமே சொல்லக் கூடாதா?”

“நீங்க கேக்கலியே.”

தந்தை மறுமொழி கூறவில்லை. பங்குப்பேரவைக் கூட்டங்களை எண்ணி நாமும் வாய் திறக்கவில்லை.

புதுப்பலகை வாங்கி மகனே வெட்டினான். தந்தை பசைக்குப்பியைப் பிடித்தார். விடுப்பு முடிந்தது. கூரையை மட்டும் அவன் ஒட்டாமல் வைத்திருக்கிறான். அப்பா அடுத்த கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு வருவாராம்.