இணையமும் குடிமைக் கல்வியும்

நுழையும்முன்

சட்டம் தெரியாது என்று கூறி எவரும் தப்ப இயலாது என்பது நீதிமன்றங்களின் பழைய கொள்கை. அவ்வாறாயின், அந்தச் சட்டத்தைக் குடிமக்கள் எங்கே சென்று படிப்பது? ஒரு தலைமுறைக்கு முன்புவரை இவ்வினாவிற்கு எளிதில் விடை கிடைக்கவில்லை. இன்று சட்டமும் தீர்ப்பும் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. அவ்வாறு வந்தவற்றைப் படிக்கும் முறை பற்றியே இக்கட்டுரை பேசுகிறது.

இல்லாத சட்டத்தில் வழக்கு

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பின்னர் வந்த திருத்தத்தின்வழி அதில் 66-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 2009இல் நடைமுறைக்கு வந்தது. பிறருக்கு எரிச்சலோ தொல்லையோ ஊட்டும் செய்திகளை மின்னணுக் கருவிவழி அனுப்புவோர்க்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை வழங்க அப்பிரிவு இடமளித்தது. எரிச்சல் என்பதற்கு எல்லை எது? ஒருவருக்கு நகைச்சுவையாக இருப்பது மற்றொருவருக்கு எரிச்சலாகலாம். 2012ஆம் ஆண்டு நவம்பரில் மகாராட்டிர மாநிலத்தின் பால்கர் என்னும் ஊரில், முகநூலில் கருத்து ஒன்றை எழுதிய இளம்பெண்ணும் அதற்கு விருப்பம் தெரிவித்த அவருடைய தோழியும் கைது செய்யப்பட்டனர். அதனைக் கண்டு வருந்திய ஷ்ரேயா சிங்கால் என்னும் இளம்பெண் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2015ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், அப்பிரிவு கருத்துரிமைக்கு எதிரானது, ஆகவே முழுவதும் செல்லாது எனத் தீர்ப்பு வந்தது.

கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. தீர்ப்பிற்குப் பிறகும் பல மாநிலங்களில் காவல் நிலையங்கள் அதே பிரிவின்கீழ் வழக்குகளைப் பதிந்துகொண்டிருந்தன. 2019இல் தீர்ப்பின் படியை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்புமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. 2021ஆம் ஆண்டு ஜூலையில் வழக்கு மீண்டும் வந்தபோது நீதிபதிகள் அதிர்ச்சியை வெளிப்படையாகவே தெரிவித்தனர். அப்போது மத்திய அரசின் தலைமை வழக்குரைஞர் தந்த விளக்கம் எண்ணிப் பார்க்கத்தக்கது. சட்ட நூலில் 66-ஏ பிரிவு இன்னும் அச்சாகியே இருக்கிறது. அது செல்லாது என்னும் செய்தி பக்கத்தின் அடியில், அடிக்குறிப்பாக மட்டுமே காணப்படுகிறது என்றார் அவர். 2022ஆம் ஆண்டு அக்டோபரில், இனி எவர்மீதும் அப்பிரிவின்கீழ் வழக்குத் தொடரக்கூடாது என்று நீதிமன்றம் மறுபடியும் ஆணையிட வேண்டியதாயிற்று.

மேலே பெரிய எழுத்தில் இருந்ததைப் படித்தவர்கள் கீழே சிறிய எழுத்தில் இருந்ததைப் படிக்கவில்லை. அதன் விலையைச் சிலர் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் அலைந்து கொடுத்தனர். பள்ளியில் சட்டத்தையும் குடிமையியலையும் கற்பிக்க இணையத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்று பேசத் தொடங்கும் எவரும் இந்நிகழ்விலிருந்து தொடங்குவது நல்லது.

மலிந்து கிடப்பதும் மறைந்து கிடப்பதும்

குடிமையியல் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து குவிபவை வினா விடைத் தொகுப்புகள். அரசியலமைப்பில் எத்தனை அட்டவணைகள், எந்தத் திருத்தம் எந்த ஆண்டு, எந்த உறுப்பு எதைப் பற்றியது என்பன போன்ற ஒருவரி வினாக்கள் அவற்றில் ஆயிரக்கணக்கில் உள்ளன. போட்டித் தேர்வு எழுதுவோர்க்கு அவை உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால், உறுப்பு 21 வாழ்வுரிமை பற்றியது என்று மனப்பாடம் செய்த மாணவர், அவ்வுறுப்பை ஒருமுறையேனும் முழுமையாகப் படித்திருப்பாரா என்பது ஐயமே. ஆங்கில மூலத்தில் அது ஒற்றை வாக்கியம். படிக்க அரை நிமிடம்கூட ஆகாது.

படிக்க வேண்டிய மூலங்களோ அதே இணையத்தில், சில தட்டல்கள் தள்ளி, ஆரவாரமின்றிக் கிடக்கின்றன. நடுவணரசின் சட்டங்களையும் மாநிலச் சட்டங்களையும் இந்தியா கோட் என்னும் அரசுத் தளம் கட்டணமின்றித் தருகிறது. 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகளும் மின்வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அரசியலமைப்பு அமர்வின் விசாரணைகளை நேரலையிலேயே காணலாம். வழக்குரைஞர் அலுவலகங்களின் கண்ணாடி அலமாரிகளில் தோல் அட்டையிட்டு அடுக்கப்பட்டிருந்தவை இப்போது உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள எந்த அரசுப் பள்ளிக்கும் எட்டும் தொலைவில் உள்ளன. கைப்பேசி இல்லாத மாணவர் இன்றும் பலர் இருக்கின்றனர் என்பது மெய்தான். அதற்காக இவ்வளங்களை ஒதுக்க வேண்டியதில்லை. ஆசிரியர் ஒரே ஒரு பக்கத்தை அச்சிட்டு வகுப்பில் தந்தாலும் ஒரு பாடவேளை முழுவதற்கும் அது போதும்.

எந்தப் பக்கத்தை என்ற கேள்விக்கு ஒரு விடையாக, அரசியலமைப்பு நிர்ணய சபையின் விவாதங்களைச் சொல்லலாம். 1946 டிசம்பர் 9 முதல் நடைபெற்ற அவ்விவாதங்கள் முழுவதும் இணையத்தில் உள்ளன. 1948 நவம்பர் 29ஆம் நாள் விவாதத்தை எடுத்துக்கொள்ளலாம். தீண்டாமையை ஒழிக்கும் உறுப்பு அன்றுதான் நிறைவேறியது. இன்று அது உறுப்பு 17. அந்தச் சபையில் இடம்பெற்ற ஒரே தலித் பெண் உறுப்பினரான தாட்சாயணி வேலாயுதன் அன்று பேசியவர்களுள் ஒருவர். அதே நாளில் கே.டி. ஷா ஓர் ஐயத்தை எழுப்பினார். தீண்டாமை என்னும் சொல்லுக்கு அரசியலமைப்பில் எங்கும் வரையறை இல்லையே என்பது அவர் ஐயம். நசிருதீன் அகமது மாற்று வாசகம் ஒன்றை முன்மொழிந்தார். அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. வரைவு இருந்தவாறே நிறைவேறியது. இன்றளவும் அச்சொல்லுக்கு அரசியலமைப்பில் வரையறை இல்லை. ஆங்கில மூலத்தில் அச்சொல் மேற்கோள் குறிகளுக்குள் நிற்கிறது.

வரையறை இல்லாமை அவ்வுறுப்பின் குறையா, வலிமையா? வரையறுத்திருந்தால் அதற்குள் அடங்காத புதுப்புதுக் கொடுமைகள் சட்டத்தின் பிடிக்குத் தப்பியிருக்குமா? இதற்கு எந்த வினாவங்கியிலும் விடைக்குறிப்பு இல்லை. பதினாறு வயது மாணவர்கள் நாற்பது பேர் ஒரு மணிநேரம் வாதிடத்தக்க வினா இது. தேநீர்க் கடையில் தனிக்குவளை, தெருவழியே செருப்பணிந்து செல்லத் தடை என்று தமக்குத் தெரிந்த உண்மைகளை அவர்களே சான்றாகக் கொண்டுவருவர்.

சுருக்கம் சொல்லாமல் விட்டது

தீர்ப்புகளைப் படிப்பது கடினம் என்று பலர் தயங்குவதுண்டு. நீளமான தீர்ப்புகள் உள்ளன. நூறு பக்கத்தைத் தாண்டுவனவும் உண்டு. ஆனால், மாணவர்களைப் பற்றியே எழுந்த ஒரு வழக்கின் தீர்ப்பு சுருக்கமானது. தெளிவான நடையில் அமைந்தது. பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு என்பது அவ்வழக்கு. 1985இல் கேரளத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண்ணைப் பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். தங்கள் சமய நம்பிக்கை பாடுவதற்கு இடந்தரவில்லை என்றனர் அவர்கள். 1986 ஆகஸ்டில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்க்க ஆணையிட்டது.

இவ்வழக்கு இணையச் சுருக்கங்களில் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. நாட்டுப்பண்ணைப் பாடாமல் இருப்பது உரிமை என்று அவ்வரி சொல்லும். பாதி உண்மை அது. தீர்ப்பைப் படித்தால்தான் மீதி தெரியும். அப்பிள்ளைகள் நாட்டுப்பண் ஒலித்த ஒவ்வொரு காலையிலும் எழுந்து, அமைதியாக, மரியாதையுடன் நின்றனர் என்பதை நீதிமன்றம் முதலில் உறுதி செய்துகொள்கிறது. பின்னர், எல்லாரும் பாடியே ஆகவேண்டும் என்று சொல்லும் சட்டம் ஏதேனும் உள்ளதா என்று தேடுகிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுப்பண் பாடப்படுவதை வேண்டுமென்றே தடுப்பதையும், பாடுவோர் கூட்டத்திற்கு இடையூறு செய்வதையும்தான் குற்றமாக்குகிறது. அமைதியாக நிற்பதை அன்று. கல்வித்துறையின் சுற்றறிக்கை சட்டத்திற்கு ஈடாகாது. இப்படி ஒவ்வொரு படியாக ஏறி, கருத்துரிமை கூறும் உறுப்பு 19இலும் சமய உரிமை கூறும் உறுப்பு 25இலும் தீர்ப்பு வந்து நிற்கிறது.

ஒருவரிச் சுருக்கத்தைப் படித்தவர் எழுந்து நிற்கவே தேவையில்லை என்று எண்ணிக்கொள்ளலாம். தீர்ப்பைப் படித்தவர் அவ்வாறு எண்ணமாட்டார். ஒருவேளை தீர்ப்புடன் அவர் உடன்படாமலும் போகலாம். அதற்கும் அவருக்கு உரிமை உண்டு. எதனுடன் உடன்படவில்லை என்பதையேனும் அவர் அறிந்திருப்பார்.

தேதி என்னும் முதற்கேள்வி

144 தடை உத்தரவு என்பதைத் தமிழகத்தில் கேள்விப்படாதவர் இல்லை. ஏமாற்றுக்காரரை 420 என்று சுட்டுவதும் பேச்சுவழக்கில் ஊறிப்போனது. 2024 ஜூலை 1ஆம் நாள் முதல் இவ்விரண்டு எண்களும் பழையனவாகிவிட்டன. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திற்கு மாற்றாக பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 511 பிரிவுகள் 358 ஆயின. மோசடிக்குரிய 420 இப்போது 318ஆம் பிரிவுக்குள் அடங்கிவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144, புதிய சன்ஹிதாவில் 163 ஆனது. பேச்சுவழக்கு மாற இன்னும் நெடுங்காலம் ஆகும், மாறாமலேகூடப் போகலாம். ஆனால், அந்நாளுக்கு முன் உருவாக்கப்பட்ட பாடக் காணொலிகளும் விளக்கப் பக்கங்களும் இணையத்தில் அப்படியே நிற்கின்றன. அவை தாமாக அழிவதில்லை. பழையவை என்று நெற்றியில் எழுதிக்கொள்வதுமில்லை. அச்சுப்புத்தகமாவது தாள் மஞ்சளாகித் தன் வயதைக் காட்டும்.

ஆகவே, சட்டம் பற்றிய எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும், இது எந்த நாளில் எழுதப்பட்டது, அதன்பின் சட்டம் மாறியதா, எந்த மூலத்தைச் சுட்டுகிறது என்று மாணவர் கேட்கப் பழக வேண்டும். மூலத்தைச் சுட்டாத பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைப் பாடமாகக் கொள்ளக்கூடாது. பாடநூலில் அச்சிடப்படும் விரைவுக் குறியீடுகளுக்கும் இது பொருந்தும்.

விளையாட்டாகக் கற்பிப்பதில் தவறில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான சாண்ட்ரா டே ஓ'கானர், பணி ஓய்வுக்குப் பின் 2009இல் ஐசிவிக்ஸ் என்னும் இணைய முயற்சியைத் தொடங்கினார். அதிலுள்ள ஒரு விளையாட்டில், மாணவர் சட்ட அலுவலகம் ஒன்றை நடத்துவார். குறையுடன் வந்து நிற்பவருக்கு அரசியலமைப்பு தரும் உரிமை ஏதேனும் உண்டா என்று அவரே முடிவு செய்ய வேண்டும். உரிமை இல்லை என்று சிலரைத் திருப்பி அனுப்பவும் நேரும். வினாடி வினாவில் கிட்டாத பயிற்சி அது. அத்தகைய விளையாட்டு தமிழில், நம் அரசியலமைப்பை வைத்து உருவாக வேண்டும்.

வேட்பாளரின் தாள்

தெரியுமா?
1988ஆம் ஆண்டின் 61ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. 17 வயது நிறைந்தோர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்று 2022இல் தேர்தல் ஆணையம் அறிவித்தது.

பதினோராம் வகுப்பு மாணவருக்கு மிக அருகில் இருக்கும் ஆவணம் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரம். தம்மீது நிலுவையிலுள்ள குற்றவழக்குகள், சொத்து, கடன், கல்வித்தகுதி ஆகியவற்றை வேட்பாளர் ஒவ்வொருவரும் உறுதிமொழியிட்டுத் தெரிவிக்க வேண்டும். 2002, 2003ஆம் ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளே இதற்கு வித்திட்டன. தேர்தல் ஆணையத் தளத்தில் இவற்றை எவரும் காணலாம். தம் தொகுதியில் போட்டியிட்டவர்களின் தாள்களை மாணவர்கள் படித்தால், நிலுவையிலுள்ள வழக்கிற்கும் தண்டனை பெற்ற வழக்கிற்கும் வேறுபாடு உண்டு என்பது முதலில் புலப்படும். குற்றஞ்சாட்டப்பட்டவர் எல்லாரும் குற்றவாளி அல்லர் என்பதும், அதே வேளையில் அவ்வழக்கின் தன்மை வாக்காளர் அறியத்தக்கது என்பதும் ஒருங்கே விளங்கும். இதில் கட்சிச்சார்பு புகுந்துவிடும் என்று பள்ளிகள் அஞ்சுவது இயல்பே. ஒருவருடைய தாளை மட்டும் எடுக்காமல், போட்டியிட்ட எல்லாருடைய தாள்களையும் ஒரே கேள்விகளுடன் படித்தால் அவ்வச்சத்திற்குப் பெரிதும் இடமிராது.

எந்த மொழியில்?

மேற்கூறிய மூலங்களுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்வழியில் பயிலும் மாணவருக்கு இதுவே பெருந்தடை. அரசியலமைப்பின் தமிழாக்கம் கிடைக்கிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவும் தமிழில் வரத் தொடங்கியுள்ளன. மொழிபெயர்ப்புக்குக் கணினி துணைநிற்கிறது. எனினும், ஆங்கில வாசகமே அதிகாரமுடையது என்னும் குறிப்பு அவற்றுடன் இணைந்தே வருகிறது. தமிழிலுள்ள வாக்கியம் விளங்கவில்லை என்றால் பிழை படிப்பவருடையது என்று மாணவர் கருதிவிடக்கூடாது. மொழிபெயர்ப்பின் பிழையாகவும் இருக்கலாம். ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே தீர்ப்பின் ஒரு பத்தியை இரு மொழியிலும் வகுப்பில் வைத்து ஒப்பிட்டுக் காட்டுவது பயன்தரும்.

சொற்களிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. தமிழாக்கங்களில் பிணை, ஒத்திவைப்பு, மேல்முறையீடு என்னும் சொற்கள் வருகின்றன. நீதிமன்ற வாசலில் நிற்கும் மக்களோ ஜாமீன், வாய்தா, அப்பீல் என்கின்றனர். நிலத்தகராறு ஒன்றில் வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கி அலைந்த பாட்டனாருக்கு ஒத்திவைப்பு என்னும் சொல் அந்நியமாகத் தோன்றலாம். பள்ளியில் ஒத்திவைப்பு என்று படிக்கும் பேத்திக்கு வாய்தா என்பதன் பொருள் தெரியாமலிருக்கலாம். தமிழில் உருவாகும் சட்டப்பாடங்கள் இவ்விரு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட வேண்டும். அடிக்குறிப்பில் அன்று, பாடத்திற்குள்ளேயே.