703-ஐப் பிரித்து எழுதிப் பாருங்கள்

முத்துப்பேட்டையிலிருந்து மன்னார்குடிக்கும் அதிராம்பட்டினத்துக்கும் காலை பஸ்ஸில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளிடம் அல்ஜீப்ரா நோட்டை வாங்கிப் புரட்டினால் மனம் கனக்கிறது. குலம், வளையம், புலம் என்று வரையறைகள். அடியில் தேற்றம், அதற்கடியில் நிரூபணம். பத்து மார்க் கேள்விக்கு ஓரத்தில் பென்சில் குறி. பக்கம் பக்கமாகத் தள்ளினாலும் ஓர் எண் கண்ணில் படுவதில்லை. எண் கோட்பாடோ பல இடங்களில் வெறும் விருப்பப் பாடம்.

முழு எண்களோடு −5-இன் வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கொண்டால் 6-ஐ 2×3 என்றும் பிரிக்கலாம், (1+√−5)(1−√−5) என்றும் பிரிக்கலாம். ஒரே எண் இப்படி இரண்டு விதமாகப் பிரிகிற சிக்கலை அவிழ்க்கத்தான், கும்மரின் யோசனையைப் பின்பற்றி, டெடிகிண்ட் ‘ஐடியல்’ என்பதைக் கொண்டுவந்தார். அந்த 6-ஐக் காட்டாமல் ஐடியலுக்கு இரண்டு நிபந்தனைகளை மட்டும் எழுதிப்போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்யாமல் வேறென்ன செய்வார்கள்?

கும்பகோணத்து ராமானுஜனை எல்லோரும் சொல்கிறோம். கொள்ளிடத்துக்கு அக்கரையில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், 1929 முதல் 1941 வரை பாடம் நடத்திய எஸ்.எஸ். பிள்ளையை நம் மாணவர்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை. எந்த நேர்ம முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்கு மிகாமல் கூட்டி எழுதிவிடலாம் என்று 1770-ல் லக்ராஞ்ஜ் நிறுவினார். மற்ற படிகளுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு என்றார் வாரிங். ஆறாம் படிக்கு அந்த எல்லை 73 என்று 1940-ல் நிறுவியவர் பிள்ளை.

ஆறாம் படிகளைக் கூட்டி எழுத 703-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றின் ஆறாம் படி 729. அது 703-ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே இரண்டின் ஆறாம் படியான 64-ஐயும் 1-ஐயும் வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். பத்து 64 சேர்ந்தால் 640. மீதி 63-க்கு அறுபத்து மூன்று ஒன்றுகள். ஆக மொத்தம் 73. பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும் கணக்குதான். ஆனால் எவ்வளவு பெரிய எண் வந்தாலும் 73-க்கு மேல் தேவைப்படாது என்று காட்ட ஒரு பிள்ளை வேண்டியிருந்தார். இந்த 703 கணக்கைக் கையால் போட்டுப் பார்த்த மாணவனுக்குத்தான் நிரூபணம் எதற்கென்று உறைக்கும். 1950 ஆகஸ்ட் 31 அன்று, ஹார்வர்டில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்ட பிள்ளை, கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் இறந்துபோனார்.

ஐந்து யூனிட்டை முடித்து, இண்டர்னலும் வைத்து, பேப்பரும் திருத்தும் ஆசிரியர்களின் பாடு எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறோம்: ஒவ்வொரு வரையறைக்கும் முன்னால் பலகையில் ஓர் எண்ணைப் போடுங்கள். பாடத்திட்டம் வகுப்பவர்களே, எண் கோட்பாட்டைக் கட்டாயப் பாடமாக்கி, அல்ஜீப்ராவுக்கு முந்தைய செமஸ்டரில் வையுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. ஐந்தாம் படிக்கு எல்லை 37 என்று 1964-ல் சீனத்துச் சென் ஜிங்ருன் நிறுவினார். 37 ஐந்தாம் படிகள் இல்லாமல் எழுத முடியாத எண் ஒன்றைக் கண்டுபிடித்து, செய்த வழியோடு எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.