வாடகை ஏறுவதும் ஒரு டி.சி.யும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் ஒரு புதுமனை புகுவிழாப் பந்தியில் சண்டை மூண்டது. என் அண்ணன் மகன் வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கிறான். ஒரே தடவையில் நாலாயிரம் ஏற்றிவிட்டார்களாம். "அரசாங்கமே வாடகையை நிர்ணயம் பண்ணணும். மீறி வாங்கினா உள்ள போடணும்" என்றான். எதிர் இலையில் என் நாத்தனார் வீட்டுக்காரர். மூன்று போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். "என் வீடு, என் கடன். கட்டுப்படியாகலைன்னா காலி பண்ணிட்டுப் போகட்டுமே" என்றார். பாயசம் வரும்வரை ஓயவில்லை. "நீங்க சொல்லுங்க அத்தை" என்று என் பக்கம் திரும்பினான். நான் ஒன்றும் சொல்லாமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் இருந்தது. பிறகு சொல்கிறேன்.

இந்த விஷயத்தின் இரண்டு பக்கத்திலும் நான் இருந்திருக்கிறேன். சிறுவயதில் நாங்கள் மேற்கு மாம்பலத்தில் ஒண்டுக்குடித்தனம். வீட்டுக்காரப் பாட்டி முன்கட்டில் இருந்தார். ஒரு கட்டத்தில் வாடகையை ஏற்றச் சொன்னார். அப்பா மறுத்தார். பாட்டி வாடகையை வாங்க மறுத்தார். அப்பா மணியார்டர் அனுப்பினார், அது திரும்பி வந்தது. அப்புறம் மாதாமாதம் சிறுவழக்கு நீதிமன்றத்தில் வாடகையைக் கட்டிவிட்டு ரசீதை டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்துவார். சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. வருடக்கணக்கில் அதே வாடகையில் இருந்தோம். நாங்கள் நாலு பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து முடித்தோம்.

ஆனால் அந்தப் பாட்டிக்குப் பிள்ளை கிடையாது. எங்கள் வாடகையும் பின்கட்டுக் குடித்தனத்தின் வாடகையும்தான் அவருக்குச் சோறு. மழைக்காலத்தில் கூரை ஒழுகும். "ரிப்பேர் பண்ணிக் குடுங்க" என்று அம்மா கேட்டால், "எந்தக் காசுல?" என்பார். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் யாரிடமும் பதில் இல்லை.

நம் ஊரில் வாடகைக் கட்டுப்பாடு போர்க்காலத்தில் பிறந்தது. 1941-இல் சென்னை மாகாணத்தில் முதல் உத்தரவு வந்தது. பிறகு 1946, 1949, கடைசியாக 1960-இல் சட்டங்கள். 1960 சட்டத்தின்படி நியாய வாடகை என்று ஒன்று உண்டு. பிற்காலத்தில் அதன் கணக்கு, குடியிருப்பு வீட்டுக்கு நிலமும் கட்டடமும் சேர்ந்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம், கடை, அலுவலகங்களுக்கு 12 சதவீதம். ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் அதில் இருந்தது. சென்னையில் யாராவது ஒரு மாத அட்வான்ஸில் வீடு பிடித்ததுண்டா? பத்து மாதம் என்பதுதான் ஊர் வழக்கம். சட்டம் புத்தகத்தில் இருந்தது, வழக்கம் தெருவில் இருந்தது.

பம்பாயில் இன்னும் கடுமை. 1947 சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் அளவிலேயே நிறுத்திவைத்தது. ஐம்பது வருடம் கழித்து, 1997 கடைசியில், இது நியாயமில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் எத்தனையோ கட்டடங்கள் பராமரிப்பு இல்லாமல் இற்றுப்போயின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் நகரங்களில் மட்டும் சுமார் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. எல்லாம் இந்தச் சட்டங்களால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "வாடகைக்கு விட்டா திரும்பி வராது" என்று பயந்து பூட்டி வைத்தவர்கள் நம் சொந்தத்திலேயே உண்டு. ஆகவே, அண்ணன் மகனே, வாடகையை அப்படியே நிறுத்திவைப்பது தீர்வு அல்ல. அந்தப் பாட்டியை நினைத்துத்தான் சொல்கிறேன்.

இப்போது நாத்தனார் வீட்டுக்காரருக்கு.

முப்பத்து நாலு வருடம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தேன். ஜூனில் நாற்பது பெயர் எழுதிய வருகைப் பதிவேட்டில், அரைப் பரீட்சைக்குள் நாலைந்து பெயர்களின் மேல் சிவப்பு மையில் கோடு விழுந்துவிடும். டி.சி.யில் காரணம் எழுத ஓர் இடம் உண்டு. "பெற்றோர் வேறு இடம் செல்வதால்" என்று எழுதுவேன். எத்தனை முறை எழுதினேன் என்று கணக்கில்லை. கேட்டால் பாதிப் பேர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "வீட்டுக்காரங்க வாடகையை ஏத்திட்டாங்க டீச்சர். உள்ள தள்ளிப் போறோம்."

நடு வருடத்தில் பள்ளி மாறும் குழந்தைக்கு என்ன ஆகும் என்று பெரியவர்களுக்குத் தெரிவதில்லை. இங்கே வகுத்தல் கணக்கு ஆரம்பிக்கும் முன் அவள் போய்விடுவாள். அங்கே வகுத்தல் முடிந்திருக்கும். நடுவில் வீடு மாற்றிய அலைச்சலில் மூன்று வாரம் போயிருக்கும். அந்தப் பிள்ளைக்கு வகுத்தல் வரவே வராது. ஐந்தாம் வகுப்பில் "இவளுக்குக் கணக்கு வராது" என்று முத்திரை குத்திவிடுவார்கள். "காலி பண்ணிட்டுப் போகட்டும்" என்று ஒரு வரியில் சொல்கிறோமே, அந்த வரிக்குப் பின்னால் இதெல்லாம் இருக்கிறது.

இப்படியெல்லாம் தெரிந்த நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

என் வீட்டு மாடிப் போர்ஷனில் மூன்று வருடமாக ஒரு குடும்பம் இருக்கிறது. அவர் கூரியர் வேலை, அந்தப் பெண் தையல் கடையில். மகள் மூன்றாம் வகுப்பு. வாடகை 9,000, பத்து மாத அட்வான்ஸ் 90,000. பக்கத்து வீட்டில் அதே அளவுப் போர்ஷன் 12,000-க்குப் போனதும் எனக்கும் ஆசை வந்தது. சொத்து வரி கூடியிருக்கிறது, மொட்டை மாடியில் தளம் போட வேண்டியிருக்கிறது என்று மனதுக்குள் நியாயமும் தேடிக்கொண்டேன். "அடுத்த மாசத்துலேர்ந்து 11,500 குடுத்துடும்மா" என்று படிக்கட்டில் நின்றபடியே சொன்னேன். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

நாலு நாள் கழித்து வந்தாள். வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "டீச்சர், பாப்பாவுக்கு இப்ப டி.சி. வாங்கினா வேற ஸ்கூல்ல சேத்துப்பாங்களா? நடுவுல சேத்தா பாடம் கஷ்டமா இருக்குமா?" என்று கேட்டாள். டீச்சர் ஆயிற்றே என்று என்னிடமே யோசனை கேட்க வந்திருக்கிறாள். டி.சி.யைக் கேட்க வைத்ததே இந்த டீச்சர்தான்.

பந்தியில் நான் வாய் திறக்காததற்குக் காரணம் இதுதான்.

அன்று இரவு உட்கார்ந்து புதுச் சட்டத்தைப் பற்றிப் படித்தேன். 1960 சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் நியாய வாடகை என்ற பேச்சே கிடையாது. இரண்டு பேரும் பேசி முடிவு செய்வதுதான் வாடகை. ஆனால் அதை எழுத்தில் ஒப்பந்தமாகப் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. என்ன தகராறு இருந்தாலும் வீட்டுக்காரர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது.

வாடகையை நிர்ணயிக்கும் வேலையைச் சட்டம் விட்டுவிட்டது. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அதற்குப் பதில் அது கேட்பது ஒரே ஒரு காகிதம். அந்தக் காகிதத்தைத்தான் நாம் யாரும் போடுவதில்லை. போட்டாலும் வழக்கமான பதினோரு மாத ஒப்பந்தம், புதுப்பிக்கும்போதெல்லாம் வீட்டுக்காரர் நினைத்த தொகை. பழைய பாதுகாப்பும் போயிற்று, புதியதும் கைக்கு வரவில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் இப்போது நடுவில் நிற்கிறார்கள்.

டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கும் என் மாணவி ஒருத்தியிடம் விசாரித்தேன். அங்கே பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ஏற்றலாமாம். 90 நாள் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். எவ்வளவு என்பதற்கு அரசு வரம்பு வைக்கிறது. 2025-க்கு அது 2.5 சதவீதம். அங்கேயும் ஓட்டை இருக்கிறது. 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு இந்த வரம்பு கிடையாது. ஆள் மாறினால் புது வாடகை எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். அதனால் பழைய ஆளைக் கிளப்பப் பார்க்கும் வீட்டுக்காரர்களும் உண்டு என்கிறாள். ஆனாலும் அவள் சொன்ன ஒன்று மனதில் நின்றது. "எவ்ளோ ஏறும், எப்ப ஏறும்னு முன்னாடியே தெரியும் டீச்சர். அதுவே பாதி நிம்மதி."

என் கருத்தும் அதுதான். குறைந்த வாடகையைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது. அதற்கு வீடுகள் அதிகம் கட்டப்பட வேண்டும், வேலைக்குப் போய்வர பஸ்ஸும் ரயிலும் வேண்டும், அரசும் வாடகைக்கென்று வீடு கட்ட வேண்டும். அது நாளாகும் வேலை. ஆனால் ஏற்றம் எவ்வளவு, எப்போது என்பதை முன்கூட்டியே சொல்லும் ஒழுங்கை இன்றைக்கே கொண்டுவரலாம். வாடகைக்கு இருப்பவரைக் கலங்க வைப்பது தொகையைவிடத் திடீரென்று வரும் அந்தப் படிக்கட்டுப் பேச்சுதான்.

அரசிடம் நான் கேட்பது: ஏற்றத்தைக் கல்வியாண்டு முடிந்த பிறகே அமலாக்க வேண்டும் என்று ஒரு விதி. மூன்று மாத அட்வான்ஸ் என்பதில் "வேறு விதமாக எழுதிக்கொண்டால் தவிர" என்ற ஓட்டையை அடைப்பது. மத்திய அரசின் 2021 மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் போதும் என்கிறது. அப்புறம் கரண்ட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது. சப் மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே எட்டும் பத்தும் வசூலிப்பது, அரசு தந்ததை நாம் பிடுங்கிக்கொள்வது.

வீட்டுக்காரர்களாக இருக்கும் என் மாணவர்களே, "வரி, கடன், ரிப்பேர் எல்லாம் நாங்கதானே பாக்கிறோம்" என்பீர்கள். உண்மைதான். ஏற்றுங்கள். சொல்லிவிட்டு ஏற்றுங்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மறுநாள் அந்தப் பெண்ணையும் அவள் கணவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். வரும் ஜூன் வரை 9,000. ஜூனிலிருந்து 10,000. அதன்பின் ஒவ்வொரு ஜூனிலும் 5 சதவீதம். மூன்று வருடத்துக்கு எழுத்தில் போட்டுப் பதிவுக்குக் கொடுத்திருக்கிறோம். அட்வான்ஸில் மூன்று மாதம் போக 63,000 திருப்பித் தர வேண்டும். அதில் பெரும் பகுதியை எப்போதோ செலவழித்துவிட்டேன் என்பதுதான் உண்மை. ஏழு தவணையாகத் தருகிறேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டேன். முதல் தவணை 9,000 கொடுத்தாகிவிட்டது.

இதனால் பக்கத்து வீட்டைவிட எனக்கு மாதம் இரண்டாயிரம் குறைவுதான். ஓய்வூதியம் வருகிறது, என்னால் முடிந்தது. எல்லோராலும் இதே அளவு முடியாது என்று தெரியும். ஆனால் ஜூன் வரை காத்திருக்க யாராலும் முடியும்.

பாப்பா நேற்று சாயங்காலம் சிலேட்டோடு கீழே வந்தாள். வகுத்தல் ஆரம்பித்திருக்கிறார்களாம். மீதி வரும் கணக்கில் தடுமாறுகிறாள். இன்றைக்கும் வரச் சொல்லியிருக்கிறேன்.

வாடகைக்கு இருப்பவர்களும் விடுபவர்களும் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். என்னோடு உடன்படாதவர்கள் கட்டாயம் எழுதுங்கள். நாத்தனார் வீட்டுக்காரர் படிப்பார் என்று தெரியும், அவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்