ரிசல்ட் நாளில் தொங்கும் தளம்: பல்கலைக்கழக ஐடி சேவையை எதை வைத்து அளப்பது?

மதுராந்தகம் பக்கத்துல இருக்கிற கருங்குழி. (வள்ளலார் வாழ்ந்த கருங்குழி வடலூர் பக்கம், இது வேற.) இங்கிருந்து ரயிலேறி காலேஜ் போகும் மாணவிக்குப் பல்கலைக்கழகம் என்பது கட்டடம் இல்லை, போனில் திறக்கும் ஒரு பக்கம். தேர்வுக் கட்டணம், ஹால் டிக்கெட், ரிசல்ட் எல்லாம் அதில்தான். அது திறக்கலைன்னா, அவருக்குப் பல்கலைக்கழகமே பூட்டிக் கிடக்கிற மாதிரிதான்.

நான் படிச்சப்போ ஒரு செமஸ்டரில் கட்டணம் அக்கவுன்ட்டில் இருந்து போயிடுச்சு. தளத்திலோ 'செலுத்தவில்லை' என்றே காட்டியது. ஹெல்ப்லைனில் ரிங் போகும், எடுக்க ஆள் இருக்காது. கடைசியில் வகுப்பைக் கட் அடிச்சு நேரில் போய்தான் சரி செய்தேன். அந்த ஒரு நாள் எந்தத் தரக் கணக்கிலும் ஏறவில்லை.

இப்போ எதை அளக்குறாங்க?

நாக் அங்கீகாரத்துக்கான சுயமதிப்பீட்டில் ஒரு கணினிக்கு எத்தனை மாணவர்கள், இன்டர்நெட் வேகம் எவ்வளவு என்ற கேள்விகள் இருந்திருக்கின்றன. மாணவர் திருப்தி சர்வேயும் உண்டு. ஆனால் அதில் ஐடி தொடர்பான கேள்வி, ஆசிரியர்கள் ப்ரொஜெக்டர் போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்களா என்பது பற்றியது. 2016 முதல் வெளியாகும் என்ஐஆர்எஃப் தரவரிசையிலும் 'ரிசல்ட் தளம் திறந்ததா?' என்பதற்குத் தனி மதிப்பெண் கிடையாது.

அதாவது, வாங்கிப் போட்ட பொருளை எண்ணுகிறோம். கிடைத்த சேவையை எண்ணுவதில்லை.

வழி ஏற்கெனவே இருக்கு

சேவைத் தரத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் முறை 'சர்வ்குவால்'. 1988-ல் அதை வெளியிட்ட மூவரில் ஒருவர், சென்னை ஐஐடியில் படித்த ஏ. பரசுராமன். அடிப்படை எளிமையானது: பயனாளர் எதிர்பார்த்தது என்ன, கிடைத்ததாக உணர்ந்தது என்ன? இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் தரம். அது பார்க்கும் ஐந்து அம்சங்களில் கண்ணுக்குத் தெரியும் வசதிகள் ஒன்றே ஒன்று. மற்ற நான்கும் சொன்னபடி செய்வது, உடனே கவனிப்பது, நம்பிக்கை தருவது, அக்கறை காட்டுவது. நாம அந்த முதல் அம்சத்திலேயே நின்னுட்டோம்.

99% என்ற கண்கட்டு

'எங்க சர்வர் 99 சதவீதம் இயங்குது' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் கணக்குப் போடுங்க. மீதி 1 சதவீதம் என்பது வருஷத்துக்கு சுமார் 87 மணி நேரம், மூன்றரை நாளுக்கும் மேல். அந்த நேரம் மே மாத விடுமுறையில் போனால் யாருக்கும் தெரியாது. ரிசல்ட் நாளிலும் கட்டணத்தின் கடைசி நாளிலும் போனால்? சராசரி அதே 99தான்.

அதனால் மூன்று எண்கள் போதும். முக்கிய நாட்களில் மட்டும் தளம் எவ்வளவு நேரம் முடங்கியது? ஒரு புகார் தீர எத்தனை நாள் ஆனது? தீர்ந்ததாக மூடிய புகார்களில் எத்தனை திரும்ப வந்தன? ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறவங்களுக்கு இது புதுசே இல்லை. கிளையன்ட்டுக்கு மாதாமாதம் நாம அனுப்புற ரிப்போர்ட்தான்.

'வருஷத்தில் நாலு நாள் கூட்டத்துக்காகப் பெரிய சர்வர் வாங்க நிதி இல்லை' என்பார்கள். நியாயம்தான். ஆனால் செலவு மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. பிரவுசிங் சென்டருக்குக் கொடுக்கும் காசாக, சென்னைக்குப் போய்வரும் ஒரு நாளாக, மாணவரின் தலையில் விழுகிறது. முடங்கிய நேரத்தைக் குறித்து வைக்கப் பெரிய நிதியும் தேவையில்லை.

நீங்க அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்றால், இந்த மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். 'அப்படி எந்தப் பதிவும் இல்லை' என்று பதில் வந்தால், அடுத்த மனுவில் கேட்க வேண்டிய கேள்வி கிடைச்சிடுச்சு: ஏன் இல்லை?